பயணம் சொல்லிவிட்டுப் போகாதவன்

எங்கள் வழக்கில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவரை நான்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாய்தா. சாட்சி என் பக்கத்து வீட்டுக்காரர். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர், பஸ் படியில் ஏற முடியாது. "பாய், ஒம்பதே காலுக்குக் கெளம்பிருவோம். லேட்டாப் போனா ஒக்கார எடம் கெடைக்காது" என்று முதல் நாளே சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிவிடுவார். அதே வழக்கில் இரண்டாவது எதிரியான என் மனைவி மற்றப் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் வருவாள். வழக்கு தள்ளிப்போகும். வேப்பமரத்தடியில் அவள் தூக்குச் சட்டியைத் திறப்பாள். எதிரிகளும் அரசுத் தரப்புச் சாட்சியும் சேர்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவோம்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்லி வந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால் என்னை யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற பயம்தான். இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டேன்.

ஊர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில். எனக்கு உரக்கடை. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அந்தப் பனிக்காலத்தில்தான் ஊருக்குள் அந்தப் பேச்சு வந்தது. எல்லோரும் இந்த நாட்டுக்காரர்தான் என்று காகிதத்தில் காட்ட வேண்டியிருக்குமாம். நம்முடைய காகிதம் மட்டும் போதாதாம், பெற்றவர்களுடையதும் வேண்டுமாம். யார் கேட்பார்கள், எப்போது கேட்பார்கள், எந்தக் காகிதத்தைக் கேட்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே பயம் கூடிப்போனது. திராட்சைக்கு மருந்து வாங்க வந்த காமயகவுண்டன்பட்டித் தோட்டக்காரர்கள்கூட, "பாய், ஒங்க பீரோவெல்லாம் பாத்துட்டீகளா?" என்று விசாரித்தார்கள்.

பார்த்தேன். பீரோவைக் கவிழ்த்துப் பார்த்ததில், எப்போதோ காலமாகிவிட்ட என் அத்தாவுக்கு மூன்று பிறந்தநாள் கிடைத்தது. பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வீட்டுப் பத்திரத்தில் ஒன்று. மூன்றில் இரண்டை நம்பினால் அவர் தன் தம்பிக்கு இளையவர். மூன்றாவதை நம்பினால் எனக்கு அத்தாவாக இருக்க அவருக்கு வயது பற்றாது. காகிதங்களை மடித்து வைத்தேன். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதர் அவர்.

ஆளாளுக்கு ஒரு வழி தேடினார்கள். எங்கள் தெருப் பலசரக்குக் கடைக்காரர் மலையேறிக் கேரளத்துக் குமுளிக்கே குடி போய்விட்டார். அங்கே வேறு அரசாங்கம், அது நம்ம பக்கம் என்பது அவர் கணக்கு. நாடு ஒன்றுதானே என்று சொன்னவர்களை அவர் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் தினமும் மதியம் பஸ்ஸில் இறங்கி வந்து எங்கள் ஊர்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் மலையேறிப் போவார். அங்கேயும் பந்தல் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "அங்கன ஒக்காந்தா தெரிஞ்ச மொகம் ஒண்ணுகூட இல்ல பாய். யாருகிட்டப் போயி கோவப்படறது?" என்றார்.

பந்தல் என்றேனே, அது பள்ளிவாசலுக்கு எதிர்த்த மைதானத்தில் பெண்கள் ஆரம்பித்தது. யாருக்கும் காகிதம் காட்டமாட்டோம் என்று இரவும் பகலும் உட்காருவதாக முடிவு. முதல் நாள் என் மனைவி முதல் வரிசையில் இரண்டாவது ஆளாகப் போய் உட்கார்ந்தாள். நான் கொள்கை எதுவும் இல்லாமல் டீ கேனைத் தூக்கிக்கொண்டு போனவன். கால் வலிக்கிறதே என்று அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அனுமதி வாங்கவில்லை என்று சொல்லிப் போலீஸ்காரர் ஒருவர் வரிசையாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். என்னிடம் கேட்டதும் பெயரைச் சொன்னேன், அத்தா பெயரைச் சொன்னேன், இனிஷியல் தப்பாக இருக்கிறது என்று எட்டிப் பார்த்துத் திருத்தியும் விட்டேன். கடைக்காரனுக்கு ரசீதில் பெயர் சரியாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை.

அன்றைக்கே என் மச்சான், மனைவியின் அண்ணன், மலேசியாவில் ஈப்போவிலிருந்து போன் போட்டார். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். "எதுக்கு மாப்ள இந்தப் பாடு? இங்கன வந்து கல்லாவுல ஒக்காருங்க. ரெண்டு பேரும் வந்துருங்க" என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. இங்கிருந்து பயந்துகொண்டிருப்பதைவிட அங்கே கல்லாவில் உட்காருவது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. மனைவியிடம் சொன்னேன்.

"அங்கன போனா நாம அந்நியருதான?" என்றாள்.

"அந்நியருன்னு ஒரு காகிதம் குடுப்பான். அதையாவது சட்டைப் பையில வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்."

"இங்கன இருக்கறதுக்கு நான் யாருகிட்டயும் காகிதம் கேட்டதில்ல. நீங்க போங்க. நான் வரல."

அதற்குப் பிறகு அவள் பந்தலுக்குப் போய்விட்டாள். நான் முதலில் போவது, ஒரு வருடம் கழித்து அவளைக் கூப்பிட்டுக்கொள்வது என்று நானாகவே ஒரு ஏற்பாடு செய்து, அவள் அதற்குச் சம்மதித்துவிட்டதாகவும் நானாகவே நினைத்துக்கொண்டேன். திருச்சியில் ஒரு ஏஜென்ட் பதினைந்தே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்றான். உரக்கடையை என் சித்தப்பா மகன் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டான்.

போகிற தேதி குறித்ததும் பயணம் சொல்ல இறங்கினேன். எங்கள் ஆட்களில் கடல் தாண்டிப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் வழக்கம் அது. பிழைக்கப் போகிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்று சலாம் சொல்லி, "பயணம் போறேன், நான் எதும் தப்புத் தண்டா பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்க" என்று கேட்க வேண்டும். "மன்னிச்சோம், எங்களையும் மன்னிச்சுக்கங்க" என்பார்கள். வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். ஊறுகாய், சுக்குமல்லிப் பொடி, வறுத்த இறைச்சி என்று ஏதாவது கையில் தருவார்கள். மூன்று நாளில் நூறு வீட்டுக்கு மேல் மன்னிப்புக் கேட்டேன். நான் இவ்வளவு தப்புச் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சிலர் என் முகத்துக்கு நேரே அதையெல்லாம் ஞாபகப்படுத்திவிட்டுத்தான் மன்னித்தார்கள். மூன்றாவது தெரு மாமி ஒரு பெரிய பீங்கான் ஜாடி நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து, தோளைத் தட்டி அழுதார்.

கடைசியாகப் பக்கத்து வீடு. எங்கள் சண்டைக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் விழுகிறது. அது பொதுச் சந்து என்பது என் கட்சி. தன்னுடைய சந்து என்பது லைன்மேன் கட்சி. சர்வேயர் இரண்டு முறை வந்து இரண்டு விதமாக அளந்துவிட்டுப் போனார். கார்த்திகைக்கு அவர் வீட்டுப் பணியாரமும் பெருநாளைக்கு எங்கள் வீட்டுப் பிரியாணியும் சுவரைத் தாண்டிப் போய்வந்துகொண்டுதான் இருந்தன. நாங்கள் இருவர்தான் பேசிக்கொள்வதில்லை.

நான் போய் நின்றதும் அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்டேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"போற எடத்துல நல்லா இருங்க பாய். குழா கெடக்குது போங்க. அந்தத் தண்ணிய நான் மன்னிச்சேன்."

உள்ளே போய்த் தன் சர்வீஸ் காலத்து டார்ச் லைட்டை எடுத்துவந்து கொடுத்தார். மலேசியாவில் கரண்ட் போனால் உதவுமாம். பதினோரு வருடமாக இந்த மனிதரையா திட்டினோம் என்றிருந்தது.

பள்ளிவாசல் ஜமாஅத்தார் தேனி பஸ் ஸ்டாண்டு வரை வந்து துஆ ஓதி என்னைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றினார்கள். என் மனைவி வரவில்லை. பந்தலில் அன்று அவளுடைய முறை. திருச்சியில் ஏஜென்ட் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, விசா ஸ்டாம்பிங் பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஊருக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள் என்று சாதாரணமாகச் சொன்னான். அவனுக்கென்ன தெரியும்? அவன் பயணம் சொல்லாத சாதி.

எங்கள் ஊரில் முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் பயணம் சொல்லிவிட்டுப் போகாமல் திரும்பி வந்தார். அவர் வீட்டுக்கு இன்றைக்கும் ரிட்டன் வீடு என்றுதான் பெயர். அவர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வந்தவர்களே "ரிட்டன் வீட்டுக் கல்யாணம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் அப்படி ஆக முடியாது. மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பைபாஸ் நிறுத்தத்தில் இறங்கி, தென்னந்தோப்பு வழியாகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, கொல்லைக் கதவைத் தள்ளி வீட்டுக்குள் போய்விட்டேன். ஊரே பந்தலில் இருந்ததனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நாட்டுக்காக அவர்கள் உட்கார்ந்திருந்த நேரம் எனக்கு ஒளிந்துகொள்ள வசதியாகப் போயிற்று.

மதியம் சாதம் எடுக்க வந்த மனைவி, கூடத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கத்தவில்லை.

"பத்து நாள்தான்" என்றேன்.

"பத்து நாளும் இந்த வீட்டுக்குள்ளயா?"

"யாருகிட்டயும் சொல்லாத."

"எல்லாரும் இங்கன இருக்கோம்னு காட்டறதுக்கு வீதியில ஒக்காந்திருக்காக. நீங்க மட்டும் இல்லைன்னு காட்டறதுக்கு வீட்டுல ஒக்காந்திருக்கீக. நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவள் பொய் சொல்லவும் இல்லை. பந்தலில் யாராவது "போய்ச் சேந்துட்டாகளா?" என்று கேட்டால், "சேர வேண்டிய எடத்துல சேந்துட்டாக" என்பாளாம். ஆனால் என்னைச் சும்மா விடவில்லை. மறுநாள் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து முன்னால் தட்டினாள். பந்தலில் தினமும் இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. ஆட்கள் பற்றவில்லை. மலேசியாவில் இருக்க வேண்டிய நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து போராட்டத்துக்கு வெங்காயம் உரித்தேன். அதற்கடுத்த நாள் அட்டைகளையும் மார்க்கரையும் கொண்டுவந்தாள். கடையில் விலைப் பலகை எழுதி எழுதி என் கையெழுத்து அச்சாக இருக்கும். கோஷங்கள் எழுதிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் இது பாய் எழுத்து மாதிரி இருக்கிறதே என்றார்களாம். "போறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுட்டுத்தான் போனாக" என்று சமாளித்திருக்கிறாள். வெளிநாடு போனாலும் மறக்காமல் எழுதி வைத்த மனிதர் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். உள்ளூரில் கடை நடத்திய இருபது வருடத்தில் எனக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை.

சாப்பாட்டுக்கு மாமியின் ஊறுகாய், ஊரார் கொடுத்த இறைச்சி, முறுக்கு. வழிப்பயணத்துக்கென்று கொடுத்ததையெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்தே தின்று தீர்த்தேன். பத்து நாள் இருபது நாளாயிற்று. குளியல் மட்டும் காலை பதினொரு மணிக்கு. தெருவில் ஆள் இல்லாத நேரம் என்று நான் நினைத்த நேரம் அது. ஒரு நாள் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது சந்திலிருந்து லைன்மேன் குரல் உரக்கக் கேட்டது.

"மலேசியாவுல இருந்து தண்ணி வருதுடா சாமி!"

குவளையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கண்ணில் சோப்பு எரிந்தது. அவர் போகிற வரை அசையவில்லை, தும்மல் வந்ததை மட்டும் அடக்க முடியவில்லை. சாயங்காலம் என் மனைவியிடம், "வீட்டுல ஆளு இல்ல, குழாயில தண்ணி வருதேம்மா" என்று கேட்டிருக்கிறார். டேங்க் ஒழுகுது என்றாளாம். ஒழுகுகிற டேங்க் தும்முமா என்று அவர் கேட்கவில்லை. அவர் அதைவிட விவரமானவர் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த வாரம்தான் வழக்குப் பதிவானது. முதல் நாள் அனுமதியில்லாமல் கூடியவர்கள் என்று நாற்பது பேர் பட்டியல். என் மனைவி இரண்டாவது. பதினேழாவது நான், இனிஷியல் பிசகாமல். பந்தலில் ஒரே கலக்கம். வழக்கில் பெயர் இருந்தால் பாஸ்போர்ட், விசா எல்லாவற்றிலும் சிக்கல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பாவம், மலேசியாவில் இருக்கிற மனிதருடைய பிழைப்பு கெடக்கூடாது என்று ஜமாஅத்தார் என்மேல் இரக்கப்பட்டுவிட்டார்கள். இவர் ஊரில் இல்லை, வெளிநாடு போய்விட்டார், நாங்களே வழியனுப்பினோம் என்று மனு எழுதி, முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுத்தார்கள். அதில் பதினாலு பேர் தாங்களே வழக்கில் இருக்கிறவர்கள். சப்-இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துவிட்டுப் பதினேழாவது பெயரைப் பேனாவால் அடித்துவிட்டார்.

ஜமாஅத் செயலாளர் பந்தலுக்கே வந்து, "ஒங்க வீட்டுக்காரர் பேர எடுத்தாச்சு, கவலப்படாதீக" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லி முடிக்கவில்லை, ஏஜென்ட் போன் அடித்தான். விசா வந்துவிட்டது. புதன்கிழமை விமானம்.

எல்லாம் கூடி வந்துவிட்டது. வழக்கு இல்லை, விசா இருக்கிறது, பயணமும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. கொல்லைக் கதவு வழியாகப் போனால் போதும், ஊருக்கு நான் ஒரு நாளும் பொய்யனாக மாட்டேன். அவள்தான் வர முடியாது. வழக்கு முடிகிறவரை எங்கும் போக முடியாது, அது முடிய எத்தனை வருடமோ.

"போறதுன்னா போங்க" என்றாள். "வெங்காயம் உரிக்க வேற ஆளு பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூட நான் புதன்கிழமை போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அழுகிறவர்களைச் சமாதானப்படுத்திவிட்டுப் போவது எங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் கைவந்த கலை. அவள் செல்போனைத் தரையில் வைத்துவிட்டு வெங்காயத் தோலைப் பெருக்க ஆரம்பித்தாள். போனில் அந்தப் பட்டியலின் படம் திறந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வரியில் அவள் பெயர். பக்கத்தில் கணவர் பெயர் என்று என் பெயர். பதினேழாவது வரியில் அதே பெயர் அடிபட்டுக் கிடந்தது. அடித்த கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. நம்மை இந்த ஊர்ப் பட்டியலில் இருந்து எவனோ அடிக்கப்போகிறான் என்றுதானே இத்தனை நாள் பயந்து செத்தோம்? அதை நானே ஊரைக் கூட்டி, மன்னிப்புக் கேட்டு, ஊறுகாய் வாங்கித் தின்று, முப்பத்திரண்டு கையெழுத்தோடு செய்து முடித்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு முன்வாசலைத் திறந்து தெருவில் இறங்கினேன். டீக்கடைக்காரர் கையில் இருந்த கிளாஸோடு வெளியே வந்துவிட்டார். "எப்ப வந்தீக பாய்?" "போகல." அடுத்த கடையிலும் அதே கேள்வி, அதே பதில். நாலு கடை தாண்டுவதற்குள் பின்னால் யாரோ "ரிட்டன்" என்று சொன்னது காதில் விழுந்தது. ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்துக்காரர், இளைஞர், பொறுமைசாலி. நான் என் பெயரைச் சொல்லி, பட்டியலில் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.

"அவர் மலேசியாவுல இருக்காருங்க" என்றார்.

"நான்தான் சார் அவர்."

"மனு இருக்கு. முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

ஆதார் கார்டைக் காட்டினேன். "இது நீங்க யாருன்னு சொல்லும். எங்க இருந்தீங்கன்னு சொல்லாது." பாஸ்போர்ட்டைக் காட்டி, வெளியே போன முத்திரையே இல்லை பாருங்கள் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "சார், உக்காருங்க. நீங்க இங்க இருந்தீங்கன்னு நான் எழுதுனா, அந்த முப்பத்திரண்டு பேரும் பொய் மனு கொடுத்தாங்கன்னு ஆகும். அவங்க மேல இன்னொரு கேஸ் போடணும். வழக்குல பேரை எடுக்கச் சொல்லி வருவாங்க, பாத்திருக்கேன். சேக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல. பேசாம வீட்டுக்குப் போங்க."

"வீட்டுல இருக்கறதாத்தான சார் நானும் சொல்றேன்."

"யாராவது ஒருத்தர் உங்கள இங்க பார்த்ததா எழுத்துல கொடுத்திருந்தா பரவால்ல" என்றார். என் மனைவியைச் சொன்னேன். அவரும் வழக்கில் எதிரி, எதிரி சாட்சி சொல்ல முடியாது என்றார். எனக்கு வேறு யாரும் இல்லை. உண்மையில் அந்த நிமிடம் நான் மலேசியாவில்தான் இருந்தேன்.

அப்போது மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்கி, "சார், அந்தக் குழாய் மனு?" என்றார். அலமாரியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. லைன்மேன் எழுதியது. இரண்டு வாரமாக அங்கேதான் கிடந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்மேல் எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சத்தமாகவே படித்தார்.

"எனது பக்கத்து வீட்டில் வசித்து, தற்சமயம் வெளிநாடு சென்றுவிட்டதாகச் சொல்லப்படும் மேற்படி நபர், தினமும் காலை பதினொரு மணிக்குத் தன் வீட்டில் குளிக்கிறார். குளிக்கும்போது இரண்டு முறை தும்முகிறார். மேற்படி தும்மலைப் பதினோரு வருடமாக நான் அறிவேன். நாள்வாரியாகக் குறிப்பு இணைத்துள்ளேன்."

இணைத்துத்தான் இருந்தார். மின்மீட்டர் குறிக்கிறவர்களின் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு நாளும், மணியும், எத்தனை குவளை என்பதும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நூறு வீடு என்னைக் கண்ணீரோடு வழியனுப்பிவிட்டு மறந்துபோயிருந்தது. நான் இந்த ஊரில் இருப்பதை இந்த ஒரு மனிதர்தான் விடாமல் எழுதிவைத்திருந்தார்.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு.

"இவர்தானா?"

"இவருதான். இங்கனதான் இருக்காரு. எங்கயும் போகல."

"அப்ப அந்த முப்பத்திரண்டு பேர் சொன்னது பொய்யா?"

லைன்மேன் யோசித்தார். "பொய்யின்னு எப்பிடிச் சார் சொல்றது? இவரு பயணம் சொன்னது நெசம். எங்கிட்டயும் வந்து சொன்னாரு, நானே டார்ச் லைட்டெல்லாம் குடுத்தேன். அவுக சொன்னதும் நெசம். இவரு போகாததுதான் தப்பு."

சப்-இன்ஸ்பெக்டர் பட்டியலை எடுத்து, கடைசியில் நாற்பத்தொன்று என்று போட்டு என் பெயரைக் கையால் எழுதினார். பயணம் ரத்தானது பின்னரே தெரியவந்தது என்று ஒரு வரி சேர்த்து, முப்பத்திரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. என்னையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். ஈப்போ கல்லா போயிற்று, மச்சான் முகத்தில் இனி விழிக்க முடியாது, இதெல்லாம் தெரிந்துதான் போட்டேன்.

வெளியே வந்ததும் லைன்மேன் நின்றார்.

"பாய், ஒரு வெசயம். நீங்க ஊர விட்டுப் போறவருன்னுதான் நான் மன்னிச்சேன்."

"தெரியும்ண்ணே."

"இருக்கப்போறீகன்னா அது செல்லாது. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கங்கண்ணே."

"டார்ச்ச வச்சுக்கங்க. குழாயத் திருப்புங்க" என்றார். எனக்கு அப்படியொரு நிம்மதி. என்னோடு சண்டை போட ஒருவர் மிச்சமிருந்தார்.

பந்தலுக்குப் போனேன். என் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, கயிறு கட்டியிருந்த இடம் வரை வந்தாள். நாற்பத்தொன்று என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஒங்களுக்குப் புத்தி இருக்கா? விசா போச்சே" என்றாள். அதைச் சொல்லும்போதே முகத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரித்தாளா அழுதாளா என்று இதுவரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சமையல் பக்கம் கையைக் காட்டி, "வெங்காயம் அங்கன இருக்கு" என்றாள். முதல்முறையாக வெளிச்சத்தில் உட்கார்ந்து உரித்தேன்.

பயணம் சொன்ன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்படியொரு வழக்கம் எங்களிடம் இல்லை. வாசலில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் சாயங்காலம் முதலில் மூன்றாவது தெரு மாமி வீட்டுக்குப் போனேன். சலாம் சொன்னேன்.

"மாமி, நான் போகல. இங்கனதான் இருக்கேன். அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, போறவுக சொல்லிட்டுப் போவாக. சொந்த ஊருல இருக்கறதுக்கு எவனாச்சும் வீடு வீடா வந்து சொல்லுவானா?" என்றார். "அந்த ஜாடி எங்க?"